சங்கத்து லாரியின் முன் சக்கரங்கள்

நூல் சிப்பம் வந்து சேர்ந்தாலன்றித் தறி ஓடாது. விளைபொருள் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தாலன்றி உழவர் கையில் காசு புழங்காது. இவ்விரு காரியங்களையும் நடத்திக் கொடுப்பது சங்கத்தின் லாரி. எனினும் நமது பொதுக்குழுக் கூட்டங்களில் அந்த லாரியைப் பற்றிய பேச்சு இரண்டு சமயங்களில்தான் எழுகின்றது. எப்.சி.க்குப் பணம் ஒதுக்கும்போது ஒன்று; வண்டி வழியில் நின்று சரக்கு கெட்டுப்போன பிறகு மற்றொன்று. இடைப்பட்ட காலத்தில், வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்ற ஒன்றே நமக்குப் போதுமானதாக இருந்துவிடுகின்றது.

எஞ்சினில் பழுது நேர்ந்தால் வண்டி நின்றுவிடும். நஷ்டம் பணத்தோடு போகும். பிரேக்கில் பழுது நேர்ந்தால் வண்டி நிற்காது. நஷ்டம் பணத்தோடு போகாது. ஆகவே, பழைய லாரி வைத்திருக்கும் சங்கங்களின் அங்கத்தினர்கள் அனைவரும், ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவர்களும் கூட, டிரம் பிரேக்கையும் முன் சக்கரப் பேரிங்குகளையும் பராமரிக்கும் முறையை ஒருவாறு அறிந்திருத்தல் நலம் என்று கருதி இதனை எழுதுகின்றோம். எல்லோரும் மெக்கானிக் ஆகவேண்டும் என்பது நமது கருத்தன்று. பட்டறையில் என்ன வேலை நடக்கவேண்டும் என்பதை அறிந்தவரே அவ்வேலை நடந்ததா என்று கேட்க வல்லவர்.

புதிய வண்டிகளில் டிஸ்க் பிரேக் முதலியன வந்துவிட்டன. ஆயினும் 1986-ஆம் ஆண்டில் வெளிவந்த டாடா 407 போன்ற சிறு லாரிகளில் பல, இன்றும் ஊர்ப்புறங்களில் உழைத்து வருகின்றன. மிதியை அழுத்தினால் திரவத்தின் வழியாக விசை சென்று நான்கு மூலைகளிலும் டிரம்மைப் பிடிக்கும் பழைய வகை வண்டிகளையே இங்கே எடுத்துக்கொண்டோம். காற்றுப் பிரேக் கொண்ட பெரிய லாரிகளுக்கு, டிரம், லைனிங், பேரிங் பற்றிக் கூறுவன பெரும்பாலும் பொருந்தும். திரவத்தைப் பற்றிக் கூறுவன பொருந்தா.

இறக்கத்தில் நிகழ்வது என்ன?

பண்ணாரியிலிருந்து திம்பம் செல்லும் மலைச்சாலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. தாளவாடிப் பக்கத்துக் காய்கறி அவ்வழியேதான் சமவெளிக்கு இறங்குகின்றது. வண்டியும் சரக்கும் சேர்ந்து 5,000 கிலோ எடை என்றும், இறங்கும் உயரம் 600 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். அவ்வளவு எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 2 கோடியே 94 லட்சம் ஜூல் ஆகும். வெயிலில் வைத்த 100 லிட்டர் தண்ணீரை, அதாவது 30 டிகிரியில் உள்ள நீரை, கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். எஞ்சினும் காற்றும் இதில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். தாழ்ந்த கியரில் இறங்காமல் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கும் ஓட்டுநர், அவ்வெப்பத்தின் பெரும்பகுதியை நான்கு இரும்பு டிரம்களின்மேல் சுமத்துகின்றார்.

சூடேறிய டிரம் விரிந்து ஷூவைவிட்டு விலகுகின்றது. சூடேறிய லைனிங்கின் பிடிப்புக் குறைகின்றது. மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்குகின்றது. வண்டியோ முன்போல நிற்பதில்லை. திரவமும் கொதித்து ஆவியானால் மிதி தரையைத் தொட்டுவிடும். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அந்தக் கியரிலேயே இறங்கவேண்டும் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வதன் காரணம் இதுவே. ஓட்டுநர் ஒழுங்காக ஓட்டினாலும், தேய்ந்த லைனிங்கும் கசியும் சிலிண்டரும் அவருடைய திறமையைப் பயனற்றதாக்கிவிடும்.

டிரம் பிரேக்கின் அமைப்பு

சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புப் பாத்திரமே டிரம். 1902-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லூயி ரெனோ இதற்கு இன்றைய வடிவத்தைத் தந்தார். அதனுள்ளே, சுழலாமல் நிற்கும் தகட்டின்மேல் பிறைச்சந்திர வடிவில் இரண்டு ஷூக்கள் உண்டு. ஷூக்களின் முதுகில் லைனிங் ரிவிட் அடித்தோ ஒட்டியோ பொருத்தப்பட்டிருக்கும். மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து திரவம் குழாய் வழியே சென்று, வீல் சிலிண்டரிலுள்ள பிஸ்டன்களைத் தள்ளுகின்றது. அவை ஷூக்களை விரித்து டிரம்மின் உட்புறத்தோடு அழுத்துகின்றன. மிதியை விட்டால் ஸ்பிரிங்குகள் ஷூக்களைத் திரும்ப இழுத்துக்கொள்கின்றன.

நெசவாள அன்பர்களுக்கு இது புதிய தத்துவமன்று. விசைத்தறியின் பாவு உருளையில் கயிற்றையோ சங்கிலியையோ சுற்றி எடையைத் தொங்கவிட்டு, பாவு கட்டற்று அவிழாமல் காப்பதும் உராய்வுதான். அக்கயிற்றில் எண்ணெய் பட்டால் பாவு தளர்ந்துபோவதை அறிந்தவர்களுக்கு, லைனிங்கில் கிரீஸ் பட்டால் என்னவாகும் என்று விளக்கவேண்டுவதில்லை.

டிரம் பிரேக்குக்குச் சிறப்பானதொரு குணம் உண்டு. சுழற்சியின் திசையில் விரியும் ஷூவை, சுழலும் டிரம்மே இழுத்து மேலும் அழுந்தச் செய்கின்றது. ஆகவே சிறு விசைக்குப் பெரும் பிடிப்புக் கிடைக்கின்றது. அந்த ஷூ மற்றதைவிட விரைவில் தேயும்; அது இயல்பே. ஆனால் இதே குணம் காரணமாக, இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் சிறு வேறுபாடு இருந்தாலும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

பட்டறையில் கண்டது

ஈரோட்டுப் பக்கத்துப் பட்டறையொன்றில் இவ்வேலையை முழுதும் அருகிருந்து பார்த்தோம். ஒரு சங்கத்தின் லாரி அங்கே வந்திருந்தது. பிரேக் பிடித்தால் வண்டி வலப்பக்கம் இழுக்கிறது என்பது குறை. ஓட்டுநர் தம் பயணப் புத்தகத்தைக் காட்டினார். மூன்று வாரங்களில் மூன்று முறை அக்குறையை அவர் எழுதியிருந்தார். மூன்றின் கீழும் பார்வையிட்டதற்கான கையொப்பம் இருந்தது. பண்டிகைச் சரக்கு முடியட்டும் என்று வேலை மட்டும் தள்ளிப்போடப்பட்டிருந்தது.

மேஸ்திரி முதலில் ஸ்பேனரை எடுக்கவில்லை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தார். சக்கர நட்டுகளைத் தரையிலேயே சற்றுத் தளர்த்தினார். சில பழைய வண்டிகளில் இடப்பக்கத்து நட்டுகளின் மரை எதிர்த் திசையில் இருக்கும். அதை அறியாமல் பலங்கொண்டு திருகினால் போல்ட் முறியும். பின்னர் ஜாக்கியால் தூக்கி, அச்சின் அடியில் உறுதியான இரும்பு ஸ்டாண்டை வைத்து, எடையை அதன்மேல் இறக்கினார். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழ் எவரும் கைநீட்டலாகாது. செங்கல்லும் கல்லும் ஸ்டாண்டு ஆகா. அவை சொல்லாமல் நொறுங்கும்.

அடுத்து, சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இருந்தது. உதவிக்கு நின்ற இளைஞரைப் பார்த்து, "பிரேக்கை மிதி, கண்ணு" என்றார். "மிதிச்சுட்டேனுங்க மேஸ்திரி" என்று குரல் வந்ததும் மீண்டும் ஆட்டினார். ஆட்டம் மறைந்துவிட்டது. பிரேக் பிடித்தபோது மறையும் ஆட்டம் பேரிங்கின் ஆட்டம்; அப்போதும் மறையாதது கிங்பின்னின் ஆட்டம். காசு செலவில்லாத இச்சோதனையை எந்த ஓட்டுநரும் மாதமொரு முறை செய்து பார்க்கலாம். சக்கரத்தைச் சுழற்றிக் காது கொடுத்தால் கரகரப்பும் தெரியவரும்.

டிரம்மைக் கழற்றுதலும் தூசியும்

சில வண்டிகளில் டிரம் தனியே கழன்று வரும். சிலவற்றில் பேரிங் நட்டை எடுத்தபின் ஹப்போடு சேர்ந்து வரும். நாளடைவில் தேய்ந்த டிரம்மின் ஓரத்தில் வரப்புப்போல ஒரு விளிம்பு நின்றுவிடும். அது ஷூக்களில் மாட்டி டிரம்மை விடாது. அப்போது அட்ஜஸ்டரைத் தளர்த்தி ஷூக்களை உள்வாங்கச் செய்யவேண்டும். பெருஞ்சுத்தியால் ஓரத்தில் அடித்தால் வார்ப்பிரும்பு கீறும்.

டிரம்மைத் திறந்ததும் உள்ளே கறுத்த தூசி படிந்திருக்கும். அதை வாயால் ஊதுவதும், காற்றுக் குழாயால் அடிப்பதும், துடைப்பத்தால் பெருக்குவதும் பல பட்டறைகளில் வழக்கம். இவ்வழக்கம் அடியோடு ஒழியவேண்டும். பழைய லைனிங்குகள் ஆஸ்பெஸ்டாஸ் கலந்து செய்யப்பட்டவை. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, ஆஸ்பெஸ்டாஸின் எல்லா வகைகளையும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களில் சேர்த்துள்ளது. அத்தூசியால் வரும் நோய் பல பத்தாண்டுகள் கழித்தே தலைகாட்டும். பஞ்சாலையில் வேலை செய்தவர்களின் நெஞ்சைப் பஞ்சுத் தூசி எவ்வாறு இறுக்கியது என்பதைக் கண்ட குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. கண்ணுக்குத் தெரியாத தூசியைப் பொருட்படுத்தாமை எவ்வளவு பெரிய கடனாக முடியும் என்பதை அவர்கள் அறிவார்கள்.

செய்யவேண்டுவது எளியது. தூசியின்மேல் நீரை மெல்லத் தெளித்து நனைக்கவேண்டும். ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைப் பையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்தவேண்டும். நல்ல முகமூடி அணியவேண்டும். சிறுவர்களை அருகில் விடலாகாது. இன்று ஆஸ்பெஸ்டாஸ் கலவாத லைனிங்குகள் கிடைக்கின்றன. வாங்கும்போது அவற்றையே கேட்டு வாங்குதல் சங்கத்தின் கடமை. ஆயினும் வண்டியில் முன்பு போட்டிருப்பது எதுவென்று கண்ணால் பார்த்துச் சொல்லமுடியாதாகையால், எல்லாத் தூசியையும் கெட்ட தூசியாகவே பாவித்தல் நன்று.

லைனிங், டிரம், சிலிண்டர்

மேற்சொன்ன லாரியின் இடப்பக்க முன் டிரம்மைத் திறந்தபோது, லைனிங் முழுவதும் கிரீஸில் ஊறியிருந்தது. இடப்பக்கம் பிடிக்கவில்லை, வலப்பக்கம் மட்டும் பிடித்தது, ஆகவே வண்டி வலப்பக்கம் இழுத்தது. குறை கேட்டவுடன் வலப்பக்கத்தில் ஏதோ கோளாறு என்று எண்ணத் தோன்றும். உண்மையில் குற்றம் எதிர்ப்பக்கத்தில் இருந்தது.

எண்ணெயோ கிரீஸோ ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவியும் நெருப்பில் வாட்டியும் மீண்டும் போடுவோர் உளர். மேலே உலர்ந்தாலும் உள்ளே ஊறியது வெப்பத்தில் திரும்பவும் கசியும். அதை மாற்றியே ஆகவேண்டும். அவ்வாறே ரிவிட்டின் தலைக்கும் லைனிங்கின் மேற்பரப்புக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் அளவே எஞ்சியிருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. ரிவிட் டிரம்மைத் தொட்டால் டிரம்மும் கெடும். சிறு செலவு பெருஞ்செலவாகும். மாற்றும்போது ஒரே அச்சின் இரு பக்கங்களிலும் மாற்றவேண்டும். ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் பழையதுமாகப் போடுவது சிக்கனம் அன்று. வண்டியை ஒரு பக்கம் இழுக்கச் செய்யும் ஏற்பாடு.

டிரம்மில் பள்ளம் விழுந்திருந்தால் லேத்துப் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. மிகுதியாக எவ்வளவு விட்டம்வரை கடையலாம் என்பது பல டிரம்களின்மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். வண்டியின் கையேட்டிலும் இருக்கும். அதைக் கடந்த டிரம் மெலிந்து, விரைவில் சூடேறி, வெடிக்கக்கூடும். ஆழ்ந்த கீறல் கண்ட டிரம்மை எக்காரணத்தாலும் மீண்டும் மாட்டலாகாது.

வீல் சிலிண்டரின் ரப்பர் உறையைச் சற்று விலக்கிப் பார்க்கவேண்டும். உள்ளே ஈரம் கண்டால் கசிவு உண்டு என்பது பொருள். சிலிண்டரின் உட்புறம் வழவழப்பாக இருந்தால் ரப்பர் கப்புகளை மாற்றலாம். துருவும் குழியும் இருந்தால் சிலிண்டரையே மாற்றவேண்டும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். பிரேக்கின் ரப்பர்ப் பொருள்களை மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல், எஞ்சின் ஆயில் இவற்றில் எதனாலும் கழுவலாகாது. அவை பட்டால் ரப்பர் ஊதிப் பெருத்துச் சிலிண்டருக்குள் இறுகிவிடும். புதிய பிரேக் திரவத்தாலேயே கழுவவேண்டும்.

ஷூக்கள் உராய்ந்து நகரும் தகட்டின் மேடுகளில் மட்டும் வெப்பம் தாங்கும் கிரீஸை மிக மெல்லியதாகத் தடவலாம். ஸ்பிரிங்குகள் தளர்ந்தோ நிறம் மாறியோ இருந்தால் புதியன போடவேண்டும்.

முன் சக்கரப் பேரிங்

கட்டை வண்டி ஓட்டியவர்கள், அச்சுக்கு வண்டி மை போடாமல் வெளியூர் புறப்படமாட்டார்கள். லாரிக்கும் அதுவே நியதி. ஒவ்வொரு முன் சக்கரத்திலும் உட்புறத்தில் பெரியதும் வெளிப்புறத்தில் சிறியதுமாக இரண்டு பேரிங்குகள் உள்ளன. இவற்றின் உருளைகள் ஒரு முனை பருத்தும் மறுமுனை சிறுத்தும் இருக்கும். அமெரிக்காவில் குதிரை வண்டி கட்டும் தொழிலிலிருந்த ஹென்றி டிம்கன் என்பவர் 1898-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். வண்டியின் எடை மேலிருந்து அழுத்துகின்றது; வளைவில் திரும்பும்போது பக்கவாட்டிலும் தள்ளுகின்றது. இரு விசைகளையும் ஒருங்கே தாங்கும் பொருட்டே உருளைகள் சாய்ந்து அமைந்தன.

கழற்றும் முறை வருமாறு. வெளி மூடியை எடுத்து, ஸ்பிலிட் பின்னை நிமிர்த்தி உருவி, நட்டையும் வாஷரையும் எடுத்தால் வெளிப் பேரிங் கைக்கு வரும். ஹப்பை இழுத்தபின் உட்புறத்து ஆயில் சீலைப் பெயர்த்து உட்பேரிங்கை எடுக்கலாம். எந்தப் பேரிங் எந்தப் பக்கத்தது என்று தனித்தனியே வைக்கவேண்டும். இடம் மாற்றிப் போடலாகாது.

பேரிங்குகளை மண்ணெண்ணெயில் நன்கு கழுவி, உலர்த்தி, வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். உலர்த்தும்போது காற்றை அடித்து அவற்றைச் சுழல விடுவது விளையாட்டன்று. மசகில்லாமல் அதிவேகமாகச் சுழலும் உருளை தெறித்து முகத்தில் பாயக்கூடும். உருளைகளிலோ, ஹப்பினுள் அழுந்தியிருக்கும் கப்பிலோ அம்மைத் தழும்புபோலக் குழிகள் இருந்தாலும், நீலம் பாய்ந்திருந்தாலும், கூடு நசுங்கியிருந்தாலும் அந்தப் பேரிங் முடிந்தது. அப்போது கோனையும் கப்பையும் ஜோடியாகவே மாற்றவேண்டும். பழைய கப்பில் புதிய கோனைப் போடுவது, தேய்ந்த பண்ணையில் புதுப் பாவைக் கோப்பது போன்றது. கேடு புதியதற்கும் பரவும்.

பழைய கப்பைப் பித்தளைக் கம்பியால் எதிரெதிர்ப் புறங்களில் மாறி மாறித் தட்டி வெளியேற்றலாம். புதியதை அவ்வாறே சமமாகத் தட்டி இறக்கவேண்டும். முழுதும் அமர்ந்தவுடன் தட்டும் ஓசை மாறிக் கனக்கும். மேஸ்திரி அந்த ஓசையைக் கேட்டபின்னரே கம்பியைக் கீழே வைத்தார்.

கிரீஸ் வைப்பதிலும் முறை உண்டு. சக்கரப் பேரிங்குக்குரிய, வெப்பம் தாங்கும் லித்தியம் வகைக் கிரீஸே ஏற்றது. உள்ளங்கையில் கிரீஸை எடுத்துக்கொண்டு, பேரிங்கின் பருத்த முனையை அதில் அழுத்தி அழுத்தி, மறுமுனையில் உருளைகளுக்கிடையே கிரீஸ் பிதுங்கி வரும்வரை திணிக்கவேண்டும். மேலே பூசுவது போதாது. உருளைகளின் இடுக்குகள் நிறையவேண்டும். ஆனால் ஹப்பின் உட்குழி முழுவதையும் அடைத்துவிடலாகாது. சூடேறும்போது மிகுந்த கிரீஸ் வழியும். சீலைத் தாண்டி லைனிங்கில் விழும். பழைய கிரீஸின்மேல் வேறு வகைக் கிரீஸைக் கலப்பதும் தவறு. சில வகைகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் நீர்த்து ஓடிவிடும்.

ஆயில் சீலை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடவேண்டும். அதன் உதடு உள்நோக்கி, கிரீஸ் இருக்கும் பக்கமாக இருக்கவேண்டும். நாம் கண்ட லாரியில், லைனிங்கைக் கெடுத்ததும் வண்டியை இழுக்கச் செய்ததும் இந்தச் சிறு சீல்தான். முன்பு வேலை செய்தவர் பழைய சீலையே தட்டிப் போட்டிருந்தார். கிரீஸ் வெளியேறியதால் உட்பேரிங்கும் குழி விழுந்திருந்தது. மூன்று வாரம் காத்திருந்ததில் சீலோடு முடியவேண்டிய வேலை பேரிங், லைனிங் இரண்டுக்கும் செலவு வைத்தது.

இனி நட்டை முறுக்குதல். இவ்விடத்தில்தான் பலர் பிழைபடுவர். சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே நட்டை முறுக்கவேண்டும். சுழற்சி சற்றுக் கனக்கும்போது உருளைகள் தத்தம் இடத்தில் அமர்ந்தன என்று பொருள். பின்னர் நட்டை ஏறக்குறையக் கால் சுற்றுத் தளர்த்தி, விரலால் மட்டும் மீண்டும் திருகவேண்டும். ஸ்பிலிட் பின் செல்லும் துளை நேர்ப்படவில்லையாயின், நேர்ப்படும்வரை தளர்த்தவேண்டுமேயன்றி இறுக்கலாகாது. இவ்வாறு செய்தால், கைக்கு எட்டியும் எட்டாததுமான மிகச் சிறு ஆட்டம் எஞ்சும். வழக்கமான அளவு 0.03 முதல் 0.13 மில்லிமீட்டர் வரை. எனினும் அந்தந்த வண்டியின் கையேட்டில் கண்ட அளவே முடிவானது. ஆட்டமே இருக்கக்கூடாது என்று இறுக்கிய பேரிங் வெந்து சிக்கிக்கொள்ளும்; தளர விட்ட பேரிங் சக்கரத்தை அலைக்கழிக்கும்.

ஸ்பிலிட் பின் எப்போதும் புதியதாகவே இருக்கட்டும். கட்டை வண்டிக்குக் கடையாணி எப்படியோ, இந்த நட்டுக்கு அந்தப் பின் அப்படி. அதன் விலையை நினைத்துப் பழையதை நிமிர்த்திப் போடுவது, சக்கரத்தையே வழியில் விட்டுவரச் சம்மதிப்பதாகும்.

பேரிங்கைச் சரிசெய்த பின்னரே பிரேக்கைச் சரிசெய்யவேண்டும். ஷூ உரசிக்கொண்டிருந்தால் பேரிங்கின் கனம் கைக்குத் தெரியாது. அட்ஜஸ்டரைத் திருகிச் சக்கரம் நின்றவுடன், அது தடையின்றிச் சுழலும்வரை சிறிது சிறிதாகத் தளர்த்தவேண்டும். இரு பக்கமும் ஒத்திருக்கவேண்டும்.

திரவமும் காற்றும்

ஆதிநாள் பிரேக் திரவங்களில் ஆமணக்கெண்ணெயும் சாராய வகையும் கலந்திருந்தன என்பது நமது உழவர்களுக்குச் சுவையான செய்தியாகும். இன்று விற்பவை வேறு. டாட் 3, டாட் 4 என்ற குறியுள்ள திரவங்கள் காற்றிலுள்ள ஈரத்தைத் தாமே உறிஞ்சுபவை. ஈரமில்லாத டாட் 3 திரவம் குறைந்தது 205 டிகிரி வரை கொதியாமல் இருக்கவேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய நிலையில் அவ்வெல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடுகின்றது. டாட் 4 திரவத்துக்கு இவ்வெண்கள் 230, 155 ஆகும். மலை இறக்கத்தில் மிதி திடீரெனத் தரையைத் தொடுவதன் இரகசியம் இதில் அடங்கியுள்ளது. ஆகவே இரண்டாண்டுக்கு ஒரு முறை திரவம் முழுவதையும் மாற்றவேண்டும். திறந்து பல மாதங்களாகக் கிடந்த டப்பாவிலிருந்து ஊற்றலாகாது. அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றியவர், வண்டியிலுள்ள ரப்பர் கப்புகள் அனைத்தையும் அன்றே கெடுத்தவராவார்.

குழாயைக் கழற்றியிருந்தால் உள்ளே காற்றுப் புகுந்திருக்கும். திரவம் அழுத்தத்துக்கு அடங்காது, காற்று அடங்கும். அதனால் மிதி பஞ்சுபோல அமுங்கும். காற்றை வெளியேற்ற இருவர் வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கவேண்டும். வலப்பக்கம் ஓட்டும் நம் வண்டிகளில் பெரும்பாலும் அது இடப்பக்கப் பின் சக்கரமாக இருக்கும். திருகாணியில் ரப்பர்க் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைப் பிரேக் திரவம் உள்ள கண்ணாடிப் புட்டியில் மூழ்க வைக்கவேண்டும். ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் திருகாணியைத் திறக்கின்றார், குமிழி வருகின்றது, மிதி மேலே வருமுன் திருகாணியை மூடிவிடவேண்டும். "மிதி... பிடிச்சுக்கோ... இப்ப விடு" என்று மேஸ்திரி சொல்லச் சொல்ல, இளைஞர் ஒவ்வொன்றுக்கும் பதில் கூறிக்கொண்டே செய்தார். பதில் வராதவரை மேஸ்திரி திருகாணியைத் தொடவில்லை. குமிழி நின்று திரவம் தெளிவாக வரும்வரை இது தொடரவேண்டும். இடையிடையே தொட்டியில் திரவம் குறையாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். குறைந்தால் மீண்டும் காற்றுப் புகும். வெளிவந்த திரவத்தைத் திரும்ப ஊற்றலாகாது.

வேலை முடிந்ததும் சரக்கின்றி, ஆளரவமற்ற சமதரையில் மெதுவாக ஓட்டிப் பலமுறை பிரேக் பிடித்துப் பார்க்கவேண்டும். 10 கிலோமீட்டர் ஓடியபின் நிறுத்தி, ஒவ்வொரு ஹப்பின் அருகிலும் கை நீட்டி வெப்பத்தை உணரவேண்டும். ஒன்று மட்டும் மிகச் சூடாக இருந்தால் அங்கே ஷூ உரசுகின்றது, அல்லது பேரிங் இறுகியிருக்கின்றது. அன்றே பார்த்தால் அது பத்து நிமிட வேலை.

சங்கம் செய்யவேண்டுவது

சரக்கு வண்டி 8 ஆண்டைக் கடந்தால் ஆண்டுதோறும் எப்.சி. புதுப்பிக்கவேண்டும் என்பது சட்டம். அதற்கு முன் வண்டிக்குப் பெயிண்டு அடித்து, விளக்குகளைத் துடைத்து நிறுத்துவதில் நாம் காட்டும் அக்கறை, டிரம்மைத் திறப்பதில் இல்லை. சான்று அந்த ஒரு நாளைய நிலைமைக்கே சாட்சி. மற்ற 364 நாளுக்கும் சங்கமே பொறுப்பு.

பிரேக் பிடிக்காமல் விபத்து நேர்ந்தால், முதலில் ஓட்டுநரின் பெயரே எழுதப்படுகின்றது. அவர் குறையை எழுதிக் கொடுத்திருந்தும், பணம் ஒதுக்காத நிர்வாகக் குழுவின் பெயர் எங்கும் எழுதப்படுவதில்லை. கூட்டுறவு என்பது இலாபத்தைப் பகிர்வது மட்டுமன்று, பொறுப்பையும் பகிர்வதாகும். அந்த லாரியில் ஓட்டுநரோடு கிளீனரும், சரக்கின்மேல் சுமைதூக்கும் தொழிலாளரும் செல்கின்றார்கள். அவர்களில் பலர் நம் அங்கத்தினரின் பிள்ளைகளே.

ஆதலின் நான்கு ஏற்பாடுகளைச் சங்கங்களின் கவனத்துக்கு வைக்கின்றோம். முதலாவது, ஓட்டுநர் எழுதும் பிரேக் குறைக்குப் பார்வையிட்ட கையொப்பம் மட்டும் போதாது. வேலை முடிந்த தேதியும் எதிரே எழுதப்படவேண்டும். அது எழுதப்படும்வரை வண்டியில் சரக்கு ஏறலாகாது. இரண்டாவது, ஆண்டுக்கொரு முறையேனும் நான்கு டிரம்களையும் திறந்து, முன் பேரிங்குகளுக்குப் புதுக் கிரீஸ் வைக்கவேண்டும். வெள்ளநீரில் சக்கரம் மூழ்கிய வண்டிக்கு இதனை உடனே செய்யவேண்டும். மூன்றாவது, கழற்றிய பழைய லைனிங், சீல், ஸ்பிலிட் பின் ஆகியவற்றைப் பட்டறையிலிருந்து பையிலிட்டு வாங்கிவந்து காரியதரிசியிடம் காட்டவேண்டும். மாற்றியதாகச் சொன்னது மாற்றப்பட்டதா என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை. நான்காவது, இச்செலவுக்கென ஒரு தொகையை ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒதுக்கி, பண்டிகைக் காலத்தை உத்தேசித்து அதைத் தள்ளிப்போடாமல், பண்டிகைச் சரக்கு தொடங்குமுன்பே வேலையை முடித்துவிடவேண்டும்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நம் ஜமக்காளமும் போர்வையும் கடைக்குப் போகவேண்டும். மஞ்சளும் காய்கறியும் சந்தைக்குப் போகவேண்டும். கொண்டுபோன வண்டி திரும்பி வரவும் வேண்டும். அடுத்த கூட்டத்தில் வரவு செலவைப் படித்து முடித்தபின், நமது லாரியின் முன் டிரம்மைக் கடைசியாகத் திறந்தது எப்போது என்று ஓர் அங்கத்தினராவது எழுந்து கேட்பாராக. அதற்குத் தேதியோடு விடை சொல்ல வல்ல சங்கம் நல்ல சங்கம்.